அம்புக்குறி ஒட்டிய கேள்வி

பேனா இருக்குமா, அம்மிணி? எழுதிவிட்டு உடனே தந்துவிடுகிறேன்.

சட்டைப் பையிலா? ஆமாம், இருக்கிறது. இது சரியாக எழுதாது. உதறி உதறித்தான் எழுத வேண்டும். உங்களுடையதையே கொடுங்கள்.

நீங்கள் இங்கே புதிது, இல்லையா? பார்த்ததும் தெரிந்தது. பழைய ஆட்கள் யாரும் அந்தக் கண்ணாடிக் கதவையே பார்த்துக்கொண்டு உட்கார மாட்டார்கள். உள்ளே யார், அப்பாவா? இன்றைக்குத்தான் முதல் தடவையா? பயப்படாதீர்கள். டயாலிசிஸ் முடிய நாலு மணி நேரம் ஆகும். அதற்குள் நர்ஸ் மூன்று தடவை வெளியே வருவார். மூன்று தடவையும் உங்களுக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். மூன்று தடவையும் அவர் டீ குடிக்கத்தான் போவார்.

என் பெயர் நாச்சிமுத்து. திருப்பூரில் ஒரு மெடிக்கலில் விற்பனைக்கு நிற்கிறேன். இருபத்திரண்டு வருடம். சுவரில் மாட்டியிருக்கும் பார்மசிஸ்ட் சான்றிதழ் வேறொருவருடையது. கவுண்டரில் நிற்பது நான். கடையைச் சுற்றி எல்லாம் பனியன் கம்பெனிகள்.

உள்ளே மூன்றாவது படுக்கையில் இருப்பது மயிலாத்தாள். இல்லை, என் வீட்டுக்காரி இல்லை. சொந்தமும் இல்லை. கடைக்கு வருகிற பெண், அவ்வளவுதான். அவள் புருஷன் லாரி ஓட்டுகிறார், மாதத்தில் நாலு நாள் வீட்டில் இருந்தால் அதிகம். அதனால் செவ்வாயும் வெள்ளியும் நான்தான் கூட்டிக்கொண்டு வருகிறேன். ஒன்றரை வருடத்தில் ஒரு நாள் தவறியதில்லை. என் மகளுடைய நிச்சயதார்த்தம் ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. அன்றைக்கும் காலையில் இங்கே உட்கார்ந்திருந்துவிட்டு, மத்தியானம்தான் மண்டபத்துக்குப் போனேன். சம்பந்தி வீட்டார் முகத்தைச் சுளித்தார்கள். சுளிக்கட்டும்.

இந்தத் தாளா? சொல்கிறேன். மயிலாவுக்கு அவள் தங்கை சரசு ஒரு சிறுநீரகம் கொடுக்கப் போகிறாள். கொடுப்பதற்கு முன்னால் சரசுவைப் பற்றி முப்பத்தொரு கேள்வி கேட்டிருக்கிறார்கள். முப்பதுக்குப் பதில் எழுதியாகிவிட்டது. ஒன்று பாக்கி. பன்னிரண்டு மணிக்கு டாக்டர் வருவார், சரசுவும் வந்துவிடுவாள். அதற்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். இப்போது பத்தே முக்கால்தானே? நேரம் இருக்கிறது.

உள்ளே என்ன நடக்கிறது என்று உங்களுக்கு யாராவது சொன்னார்களா? சொல்ல மாட்டார்கள். அவர்களுக்கு நேரமில்லை. நான் சொல்கிறேன். சிறுநீரகம் இரண்டும் இரவும் பகலும் ஓயாமல் செய்கிற வேலையை, அந்த மிஷின் நாலு மணி நேரத்தில் செய்யப் பார்க்கிறது. ரத்தம் ஒரு குழாய் வழியாக வெளியே வரும். மிஷினில் ஒரு நீளமான டப்பா மாட்டியிருக்கும். அதற்குள் தலைமுடி போல மெல்லிய இழைகள், ஆயிரக்கணக்கில். ரத்தம் அந்த இழைகளுக்குள் போகும்போது கழிவும் மிச்சத் தண்ணீரும் வெளியேறிவிடும். சுத்தமான ரத்தம் இன்னொரு குழாய் வழியாகத் திரும்ப உடம்புக்குள் போய்விடும். எந்த நேரத்திலும் ஒரு டம்ளர் அளவு ரத்தம்தான் வெளியே இருக்கும். உடம்பு ரத்தம் முழுவதையும் எடுத்து அலசிப் போடுவார்கள் என்று நினைத்து மயிலா முதல் நாள் அழுதாள். நீங்களும் அப்படித்தான் நினைத்தீர்களா? எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறார்கள்.

உங்கள் அப்பாவுக்கு இப்போது கழுத்தில் குழாய் போட்டிருப்பார்கள். பிறகு கையில் சின்னதாக ஆபரேஷன் செய்து இரண்டு ரத்தக் குழாய்களை ஒன்றாகச் சேர்ப்பார்கள். அந்த இடத்தில் விரலை வைத்தால் உள்ளே கிர்ரென்று அதிரும். தினமும் காலையில் தொட்டுப் பாருங்கள். அதிர்வு நின்றுபோனால் அந்த நிமிடமே இங்கே ஓடி வர வேண்டும். அந்தக் கையில் பிரஷர் பார்க்கக் கூடாது, ஊசி போடக் கூடாது, குடம் தூக்கக் கூடாது.

மயிலா என்ன செய்தாள் தெரியுமா? அவளுக்குக் கம்பெனியில் செக்கிங் வேலை. தைத்து வருகிற பனியனை டியூப்லைட்டுக்குக் கீழே விரித்துப் பார்க்க வேண்டும். தையல் விட்டிருந்தால், எண்ணெய்க் கறை இருந்தால், அந்த இடத்தில் சின்னதாக ஒரு சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். ஒட்டி அனுப்பினால் டெய்லர் பார்த்துச் சரி செய்வார். அந்த ஸ்டிக்கரில் ஒன்றை எடுத்து இடது கையில் ஒட்டிக்கொண்டு வந்தாள். "அவசரத்துல எந்த நர்சாவது இந்தக் கையில ஊசியக் குத்திப்போட்டா என்னுங்ணா பண்றது? அம்பு இருந்தா நின்னு பாப்பாங்கல்ல?" என்றாள். நர்ஸ்கள் சிரித்தார்கள். ஆனால் நின்று பார்த்தார்கள்.

அவளுக்கு வாய் அதிகம். "நின்னே பொழச்ச பொம்பளைய நாலு மணி நேரம் படுக்க வெச்சுட்டாங்களே, எங்க சூப்பர்வைசர் பாத்தான்னா வயிறெரிஞ்சே செத்துப்போவான்" என்பாள். படுக்கை விரிப்பின் ஓரத்தைப் பிடித்துப் பார்த்து, "இது ரிஜெக்ட் பீசு, எவ செக் பண்ணுனாளோ" என்பாள்.

பதினொன்றாகிவிட்டதா? பரவாயில்லை.

அந்தப் பையில் இருப்பது இளநீரா? அப்பாவுக்கா? கொடுக்காதீர்கள், அம்மிணி. நல்லதென்று நினைத்துத்தான் வாங்கியிருக்கிறீர்கள். நமக்கு நல்லதுதான். சிறுநீரகம் போனவர்களுக்கு அது விஷம். அதில் பொட்டாசியம் என்று ஓர் உப்பு நிறைய இருக்கிறது. வெளியே போக வழியில்லாமல் அது ரத்தத்தில் தங்கிவிட்டால் இதயத்தையே நிறுத்திவிடும். பழங்களும் அப்படித்தான், டாக்டரைக் கேட்டுவிட்டுக் கொடுங்கள். தண்ணீரும் அவர் சொல்கிற அளவுதான். மயிலாவுக்கு ஒரு நாளைக்கு நாலு டம்ளர். காபி, ரசம், மோர் எல்லாம் அதற்குள் அடக்கம். ஐயோ, எதற்குக் கண் கலங்குகிறீர்கள்? இன்னும் கொடுக்கவில்லையே! தெரியாமல் வாங்கியது. தெரியாமல் செய்ததில் என்ன தப்பு?

பாக்கிக் கேள்வியா? அது ஒன்றுமில்லை. இருபத்தாறாவது கேள்வி. 'வலி மாத்திரைகள் தொடர்ந்து எடுத்துக்கொண்டதுண்டா? மாத்திரையின் பெயர், எத்தனை காலம், யார் கொடுத்தது?' அவ்வளவுதான். 'இல்லை' என்று மூன்றெழுத்து எழுதினால் முடிந்தது.

செட் என்றால் தெரியுமா உங்களுக்கு? மெடிக்கலில் போய், "உடம்பு வலி, ஒரு செட் குடுங்க" என்று கேட்பார்களே, அதுதான். எங்கள் கடையில் ஒரு வெள்ளை, ஒரு மஞ்சள், ஒரு சின்ன ரோஸ். வெள்ளையும் மஞ்சளும் வலிக்கு. அந்த இரண்டும் வயிற்றைப் புண்ணாக்காமல் இருப்பதற்கு ரோஸ். மாத்திரை அட்டையைக் கத்தரிக்கோலால் வெட்டி, சின்னக் காகித உறையில் போட்டு மடித்துக் கொடுப்போம். எல்லாக் கடையிலும் கொடுப்பதுதான். வெட்டும்போது பெயர் அச்சடித்த பக்கம் எங்களிடமே தங்கிவிடும். பெயர் தெரிந்தால் அடுத்த தடவை வேறு கடையில் கேட்டு வாங்கிக்கொள்வார்களே? முதலாளி முதல் நாளே சொல்லிக்கொடுத்த தொழில் அது. என் கை அதற்குப் பழகிவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு வெட்டினாலும் பெயரில்லாத பக்கம்தான் உறைக்குள் போகும்.

கம்பெனிகளில் ஒன்றரை ஷிப்ட் என்று உண்டு. காலையில் எட்டரைக்கு நின்றால் இரவு எட்டரை வரைக்கும். செக்கிங் பெண்களுக்கு உட்கார ஸ்டூல் கிடையாது. சாயங்காலம் டீ நேரத்தில் ஐந்தாறு பேராக வந்து நிற்பார்கள். "ஏனுங்ணா, இடுப்பு உட்டுப்போச்சு, ஒரு செட்." கொடுப்பேன். அதைப் போட்டுக்கொண்டு மீதி நேரமும் நின்றுவிடுவார்கள். மயிலா அப்படித்தான் வந்தாள். ஒன்பது வருடம் வந்தாள். ஒன்றரை ஷிப்ட் இருக்கிற நாளெல்லாம் வந்தாள். கேட்கவே வேண்டியதில்லை. தெருமுனையில் தலை தெரிந்ததும் வெட்ட ஆரம்பித்துவிடுவேன். இரண்டு செட்டாக வெட்டுவேன். அவளுக்கு ஒன்று, அதே மேசையில் நிற்கிற சரசுவுக்கு ஒன்று.

கெட்ட எண்ணத்தில் கொடுத்தேனா? சொல்லுங்கள். வலி என்று வந்தார்கள், வலி போயிற்று. எத்தனை பேர் கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறார்கள். என் வீட்டுக்காரிக்கே முழங்கால் வலி உண்டு. அவளுக்கு நான் தைலம் வாங்கிக் கொடுத்து, மணல் ஒத்தடம் போடச் சொல்லி... அது வேறு. அதை ஏன் சொல்ல வந்தேன் என்று தெரியவில்லை.

ஒரு நாள் மயிலா முகம் உப்பி வந்தாள். கொலுசு கணுக்காலில் பதிந்து தடம் விழுந்திருந்தது. "ராத்திரி நல்லாத் தூங்கலீங்ணா, அதான்" என்றாள். நான் செட்டோடு நீர் இறங்க ஒரு மாத்திரையும் சேர்த்துக் கொடுத்தேன். ரத்தப் பரிசோதனை செய், பிரஷர் பார் என்று சொல்லவில்லை. டீ நேரம், கவுண்டரில் எட்டுப் பேர். இரண்டு மாதம் கழித்துச் செக்கிங் மேசையிலேயே சரிந்து விழுந்தாள். ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்து, கிரியாட்டினின் என்கிற கழிவு பதினொன்று என்றார்கள். ஒன்றுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டியது, அம்மிணி, பதினொன்று.

சரசு கடைக்கு ஓடி வந்தாள். "அண்ணா, டாக்டர் பேசறது ஒண்ணும் வெளங்கல. மருந்துப் பேரெல்லாம் உங்களுக்குத்தான் தெரியும். கூட வாங்கண்ணா." போனேன். டாக்டர் மயிலாவைக் கேட்டார்: "வலி மாத்திரை ஏதாவது தொடர்ந்து போட்டீங்களாம்மா?" அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் சொன்னேன்: "எப்பவாவது ஒண்ணு ரெண்டுங்க, சார்." அவளும் தலையாட்டினாள். அண்ணன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும், இல்லையா?

டாக்டர் பிரஷர் பார்த்தார். நூற்றெண்பது. "பல வருஷமா இருந்திருக்கும், அதனாலயும் இருக்கலாம்" என்றார். இருக்கலாம் என்றார். டாக்டரே சொன்ன வார்த்தை. ஒன்றரை வருடமாக அந்த ஒரு வார்த்தையைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

அன்றிலிருந்து அவள் ஃபைல் என்னிடம்தான் இருக்கிறது. டாக்டர் கேட்பதற்கு நான்தான் பதில் சொல்கிறேன். அவளுக்குச் சொல்லத் தெரியாதே. நர்ஸ் அவளிடம் எதையாவது விளக்க வந்தால்கூட, "எங்கிட்ட சொல்லுங்க, நான் சொல்லிக்கிறேன்" என்பேன். ஒரு தடவை எனக்குக் காய்ச்சல். நூற்றிரண்டு டிகிரி. புருஷன் அன்றைக்கு ஊரில் இருந்தார். "நான் கூட்டிட்டுப் போறனுங்க" என்றார். நான் விடவில்லை. போர்வையைப் போர்த்திக்கொண்டு பஸ் ஏறினேன். மயிலா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள்: "கூடப் பொறந்தவன்கூட இப்பிடிச் செய்ய மாட்டான்." அவள் அப்படிச் சொல்லும்போதெல்லாம் நான் எதிர்ப்பக்கம் திரும்பி ஏதாவது கடைப் பலகையைப் படிப்பேன்.

என்ன கேட்டீர்கள்? சரசு இப்போதும் வாங்குகிறாளா?

அவள் வேலைக்குப் போகிறாளே. அக்கா சம்பளமும் நின்றுவிட்டது, வாரம் நாலு நாள் ஒன்றரை ஷிப்ட் பார்க்கிறாள். சிறுநீரகம் கொடுக்கிறேன் என்று அவளேதான் சொன்னாள். டாக்டர், "நல்லா யோசிச்சீங்களா?" என்று கேட்டதற்கு, "எங்கிட்ட ரெண்டு இருக்குது, அவகிட்ட ஒண்ணுமில்ல. இதுல யோசிக்கறதுக்கு என்ன இருக்குதுங்க?" என்றாள். அப்படிப்பட்டவள்.

போன சனிக்கிழமை வந்தாள். "அண்ணா, ஒரு செட்." நான் மஞ்சளை எடுத்து வைத்துவிட்டு, வெள்ளையும் ரோஸும் மட்டும் உறையில் போட்டேன். முடிந்த அளவு செய்ய வேண்டும் அல்லவா? அவள் உறையைத் தடவிப் பார்த்தாள். செக்கிங் விரல், தெரிந்துவிட்டது. "என்னுங்ணா ஒண்ணு கொறையுது? எங்கக்காளுக்குக் கூட வர்றதுக்குக் கூலிய இதுல புடிச்சுட்டீங்களாக்கும்?" என்று சிரித்தாள். பக்கத்தில் நின்ற பெண்களும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மஞ்சளையும் வெட்டிக் கொடுத்துவிட்டேன்.

அப்படிப் பார்க்காதீர்கள். நான் எழுதினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். ஒன்பது பத்து வருடம் வலி மாத்திரை தின்றவள், இவள் சிறுநீரகம் வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டால்? மயிலா கதி? இந்தக் கதவுக்குள்ளேயே காலம் முழுவதும் கிடக்க வேண்டியதுதானா? அவளுக்காகத்தான் யோசிக்கிறேன். எழுதாவிட்டாலும் டாக்டர்கள் சும்மா விடுவார்களா? ரத்தம், சிறுநீர், ஸ்கேன் எல்லாம் பார்த்துவிட்டுத்தானே எடுப்பார்கள். நன்றாக இருந்தால் எடுக்கட்டும். எடுத்த பிறகு சரசுவுக்கு ஒன்றே ஒன்று இருக்கும். அந்த ஒன்றை வைத்துக்கொண்டு அவள் சாயங்காலம் டீ நேரத்தில் என் கடைக்கு வருவாள். இடுப்பு வலி என்பாள். நான்...

கொஞ்சம் தண்ணீர் இருக்குமா? நன்றி.

உங்கள் அப்பாவுக்கு என்ன வேலை? தறியா? நின்று நின்று முழங்கால் வலி இருந்திருக்குமே? ஓ. நீங்கள்தான் வாங்கிக் கொடுப்பீர்களா? எந்தக் கடை? வேண்டாம், சொல்லாதீர்கள், எந்தக் கடையாக இருந்தாலும் ஒன்றுதான். வேலைக்குப் போய் வருகிற வழியில், அப்பா பாவம் என்று வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்திருப்பீர்கள். அழாதீர்கள், அம்மிணி. உங்கள் அப்பாவுக்கு வேறு காரணம்கூட இருக்கலாம், சர்க்கரை, பிரஷர்... டாக்டரிடம் அந்த மாத்திரையைப் பற்றிச் சொல்லிவிடுங்கள். மறைக்காதீர்கள். இனிமேல் கொடுக்காதீர்கள். உங்கள் மேல் தப்பில்லை. உங்களுக்குத் தெரியாது.

உங்களுக்குத் தெரியாது.

எனக்குத் தெரியும். மாத்திரைப் பெட்டிக்குள் ஒரு தாள் மடித்து வைத்திருப்பார்கள், பொடி எழுத்தில். கடையில் கூட்டமில்லாத மத்தியான நேரங்களில் அதையெல்லாம் எடுத்துப் படிப்பேன். சிறுநீரகத்தைப் பற்றி அதில் போட்டிருந்தது. மயிலா என் கடைக்கு வருவதற்கு முன்பே படித்தேன். அதனால்தான் என் வீட்டுக்காரிக்குத் தைலம்.

இந்தத் தாளைக் கொஞ்சம் பாருங்கள். இருபத்தாறாவது கேள்விக்குப் பக்கத்தில் சிவப்பாக ஒட்டியிருக்கிறதே, தெரிகிறதா? காலையில் பஸ்ஸில் மயிலாதான் கொடுத்தாள். "சரசு எல்லாத்துக்கும் எழுதிட்டாளுங்ணா. இந்த ஒண்ணுக்கு மட்டும் தெரியல. பேரு எங்களுக்கு எங்கீங்ணா தெரியும்? வெள்ளை, மஞ்சள், ரோசுன்னா எழுத முடியும்? அதான் உங்களுக்கு அடையாளத்துக்கு அம்பு ஒட்டியிருக்கறா" என்றாள். ஒரு சந்தேகமும் இல்லாமல் சொன்னாள். சொல்லிவிட்டு ஜன்னலோரம் தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டாள். நான் இந்தத் தாளை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். இரண்டு பேரும் இத்தனை வருடமும் இந்த அம்பைக் கோளாறு இருக்கிற இடத்தில்தான் ஒட்டியிருக்கிறார்கள்.

இருங்கள். எழுதிவிடுகிறேன்.

ஆம்.

பெயர். இது வெள்ளை. இது மஞ்சள். எழுத்துக்கூட்ட வேண்டியதே இல்லை, பாருங்கள், என் கை தானாக எழுதுகிறது. எத்தனை காலம்? பத்து வருடம். கடைசியாக? போன சனிக்கிழமை. யார் கொடுத்தது? கடைப் பெயர் எழுதினால் போதுமா? போதாது. நா, ச், சி... இதோ. கீழே இன்னும் ஒரு வரி இடம் இருக்கிறது. அக்கா மயிலாத்தாளுக்கும் ஒன்பது வருடம் இதே மாத்திரை, இதே ஆள். அதையும் எழுதிவிட்டேன். டாக்டர் என்ன முடிவு செய்கிறாரோ செய்யட்டும். வேண்டாம் என்று அவர் சொன்னால், அதையும் மயிலாவிடம் நான்தான் சொல்ல வேண்டும்.

ஸ்டிக்கரைப் பிய்க்க வேண்டாம், இருக்கட்டும். சரி செய்த பிறகுதான் பிய்ப்பார்கள்.

அதோ, மூன்றாவது படுக்கையில் மணி அடிக்கிறது. முடிந்துவிட்டது. இப்போது ஊசியை எடுப்பார்கள். எடுத்ததும் அந்த இடத்தில் பஞ்சை வைத்துப் பத்து நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். விட்டால் ரத்தம் பீறிடும். ஒன்றரை வருடமாக நான்தான் பிடிக்கிறேன். அவள் கையை நீட்டிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, எதையாவது பேசிக்கொண்டே இருப்பாள்.

அம்மிணி, செருப்பைக் கழற்றிவிட்டு என்னோடு உள்ளே வருகிறீர்களா? அப்பாவையும் எட்டிப் பார்த்த மாதிரி இருக்கும். பஞ்சை இன்றைக்கு நீங்கள் பிடித்துக்கொள்ளுங்கள். கட்டை விரலால் அழுத்தினால் போதும், ரொம்ப அழுத்தக் கூடாது, உள்ளே அதிர்வு விரலுக்குத் தெரிய வேண்டும். இந்தத் தாளில் எழுதியதை நான் சொல்லி முடித்ததும் அவள் கையை இழுத்துக்கொள்வாள். அப்போது அந்தக் கை என் பிடியில் இருக்கக் கூடாது.